வைஃபைக்குப் பூட்டு, விருந்தாளிக்குச் சாவி

முதலில் பாஸ்வேர்டு. எங்கள் சத்தியமங்கலத்தில் இதற்கு வழிவழியாக ஒரே முறைதான்: வீட்டுப் பெரியவரின் செல்போன் எண். பத்து இலக்கம், யாருக்கும் மறக்காது. பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுக்கிறவரிடமும், சிலிண்டர் போடுகிறவரிடமும், கல்யாணத் தரகரிடமும் அதே எண் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். எல்லாம் நம்ம ஊர்க்காரங்க தானுங்க.

அதைவிடச் சுலபம், பாஸ்வேர்டே வைக்காமல் விடுவது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டுப் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் தேடி வந்தது அவரைத்தான். வாசலில் ஜீப் நிற்பது கௌரவம் என்று நினைப்பவர்கள் தாராளமாகப் பின்பற்றலாம்.

ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி உண்டு. எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தால் பாஸ்வேர்டு இல்லாமலே இணையலாம். பத்து கோடி விதமாக அமையலாம் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாகச் சரிபார்க்கும். கடைசி இலக்கம் வெறும் கணக்குச் சரிபார்ப்பு. ஆக, சுமார் 11,000 முறை முயன்றால் திறந்துவிடும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு என்று பயமுறுத்திவிட்டு மூன்றாவது வளைவிலேயே உச்சி வந்துவிட்ட மாதிரி. 2011-இல் இந்தக் குட்டு உடைந்தது. அணைத்துவிடச் சொல்வார்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று நாம் விட்டுவிடுவோம்.

சுலபமும் வேண்டும், பத்திரமும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரவுட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக ஒரு பாஸ்வேர்டு வைப்பார்கள். 63 எழுத்து வரை இடமிருக்கிறது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு 'அட்மின்' என்றே கிடக்கும் பழைய பாஸ்வேர்டையும் மாற்றுவார்கள். பண்ணாரி குண்டம் திருவிழாவுக்கு வரும் ஒறம்பரை, செம்புத் தண்ணீரை வாங்குவதற்கு முன்பே “ஏனுங் மாமா, பாஸ்வேர்டு என்னுங்?” என்பார்களே, அவர்களுக்காகத் தனியாக ‘கெஸ்ட்’ நெட்வொர்க் போட்டு, அதன் க்யூஆர் கட்டத்தை அச்சடித்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். அப்புச்சி முதல் பேரன் வரை கேமராவைக் காட்டினால் போதும். இன்டர்நெட் கிடைக்கும், வீட்டுக் கேமராவும் கம்ப்யூட்டரும் அவர்கள் கைக்கு எட்டாது.

அரைமணி நேர வேலை. நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு எங்கள் ரவுட்டரில் பதினோரு போன் இணைந்திருக்கிறது. வீட்டில் இருப்பது நாலு.