ஆமைக்குஞ்சைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துவருவது எப்படி?

கடலாமை பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை பார்க்கும். அமெரிக்காவில் கென் லோமன் என்ற விஞ்ஞானி ஆமைக்குஞ்சுகளைத் தொட்டியில் நீந்தவிட்டு, கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ச்சிப் புலத்தைத் திருப்பினார், குஞ்சுகளும் திரும்பின. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். கோவளம் பக்கம் ஒரு பீச் ஹவுஸ் போதும்.

1. மொட்டைமாடியில் வெள்ளை ஃபோகஸ் லைட் போடுங்கள். இரவில் மணலைக் கிளறி வெளிவரும் பங்குனி ஆமைக்குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அங்கேதான் ஓடும். இத்தனை காலம் அது கடல் பக்கம். இனி உங்கள் பக்கம். ஈ.சி.ஆர் சாலையைத் தாண்டிக் கேளம்பாக்கம் வருவது குஞ்சின் சாமர்த்தியம்.

2. மணல்மேட்டைச் சமப்படுத்துங்கள். அடும்பு, ராவணன் மீசை எல்லாம் புதர். மேடும் புதரும் சேர்ந்த இருட்டைப் பார்த்தால் குஞ்சு முதுகைக் காட்டிக் கடல் பக்கம் போய்விடும்.

3. இதுதான் முக்கியம். மணலில் ஊர்ந்து, அலையை எதிர்த்து நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் குஞ்சு தன் போக்கைக் காந்தப்புலத்தோடு பொருத்திக்கொள்கிறது. அப்புறம் வெளிச்சமும் அலையும் இல்லாமலே அதே திசையில் போகும். அந்த நேரத்தை அதற்குத் தராதீர்கள். பக்கெட்டில் அள்ளுங்கள். டார்ச் அடியுங்கள். குழந்தை கையில் ஒன்று, ரீல்ஸுக்கு ஒன்று. பக்கெட்டுக்குள் ஓயாமல் துடுப்படிக்கும், "என்ன சுறுசுறுப்பு!" என்று வியந்துகொண்டே இருங்கள். ஆழ்கடல் போய்ச் சேர வைத்திருந்த தெம்பு தீரும்வரை வியக்கலாம்.

4. முட்டைக்குழி கண்ணில் பட்டால் இரும்புவலைக் கூண்டைக் கவிழ்த்துவிடுங்கள். நாய் வராது, காந்தப்புலமும் கோணலாகும். 2004-ல் ஆய்வாளர்கள் அளந்தே சொல்லிவிட்டார்கள். வனத்துறைக்கோ, 1988 முதல் சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர்களுக்கோ போன் மட்டும் செய்யாதீர்கள். வந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

5. இதையெல்லாம் மீறி ஒன்று வளர்ந்து, முட்டையிட நம் கரைக்கே வந்துவிட்டால்? மனம் தளராதீர்கள், இழுவலை இருக்கிறது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலை விடாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இதில் உங்கள் வேலை ரொம்பச் சின்னது. கேளம்பாக்கத்தில் இறால் வாங்கும்போது கிலோ என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். வலையில் ஆமை தப்ப வழி வைத்திருந்தார்களா என்று ஆரம்பித்தால், இறால் விற்கும் அம்மா உரித்துத் தர இன்னும் நேரமாகும்.