ஆல்ஃபா பூஜ்யம்

பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறது. பெட்டியில் ஓட்டை விழுந்தால் மழை பெய்ததும் தெரிந்துவிடும். அடுத்த தெரு மொட்டை மாடி அறையில், சம்பளமில்லாமல் மேட்பிளாட்லிப்பைப் பழுது பார்க்கும் பையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மேட்பிளாட்லிப், ஓசியில் கிடைக்கும் வரைபட நிரல். வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்க்க ஜான் ஹண்டர் எழுதத் தொடங்கி, 2003-இல் வெளிவந்தது. மணலிக் காற்றின் தூசிக் கணக்கையும் அதில் வரையலாம். ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்; புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவ விடும் என்பதைத் தீர்மானிக்கும் ஆல்ஃபாவை 0.3 என்று வைத்தால் நெரிசல் எங்கே என்பதை நிறம் அடர்ந்து காட்டிக்கொடுக்கும். அதையே இ.பி.எஸ். கோப்பாகச் சேமித்தால் போச்சு. இ.பி.எஸ்.ஸின் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு அரைகுறை ஒளி ஊடுருவல் தெரியாது. எல்லாம் கெட்டியாகி ஒரே மைக்கறை. கூடவே ஓர் எச்சரிக்கை வரி வரும். அதைப் படித்த ஆளை இன்னும் தேடுகிறார்கள்.

பின்னணியை நீக்கிச் சேமித்த படத்தைக் கறுப்பு ஸ்லைடில் ஒட்டினான் பையன். கறுப்பு அச்சு, கறுப்பு எழுத்து, அளவு எல்லாம் மாயம். வண்ணப் புள்ளிகள் மட்டும் மிதந்தன. படம் கேட்டவர் எட்டிப் பார்த்தார்.

“நம்பர் ஒண்ணும் காணோமே தம்பி?”

“பக்-கு சார். சரி பண்ணிடுறேன்.”

“எதுக்கு? இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு.”

பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்தால் நிறப்பட்டைக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் வேறு. அதற்கு மேட்பிளாட்லிப் ஆவணமே பதில் வைத்திருக்கிறது: கோளாறு எங்களிடம் இல்லை, பார்க்கும் மென்பொருளில். தாலுகா ஆபீஸ் வாசலை மிதிக்காதவர்களுக்கு இந்தப் பதில் எப்படிக் கைவந்ததோ!