எமிஸ் சாமிக்குப் படையல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் டிஜிட்டல் வரவில்லை என்று எவன் சொன்னது? மணி அடித்ததும் ஆசிரியர் செய்கிற முதல் வேலையே டிஜிட்டல்தான். சொந்தக் காசில் வாங்கிய போனில், சொந்தக் காசில் போட்ட நெட் பேக்கில், எமிஸ் என்கிற கல்வித் துறைத் தகவல் தளச் சாமிக்கு வருகைப்பதிவைப் படைக்க வேண்டும். சாமி மனமிரங்கும்வரை திரையில் வட்டம் சுற்றும். சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போன கணக்கு வாத்தியார் திரும்புவதற்குள் பீரியடில் பாதி போயிருக்கும். போகட்டும், இருபடிச் சமன்பாடு எங்கே ஓடிவிடப் போகிறது?

வருகையோடு விட்டதா? மதிப்பெண், ஆதார், வங்கிக் கணக்கு, சைக்கிள், செருப்பு, சீருடை என்று எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டியிருந்தது. ‘இந்த வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள், பாடம் நடத்த விடுங்கள்’ என்று ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. பாடம் நடத்த அனுமதி கேட்டு வாத்தியார் மறியல் செய்த நாடு வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். நல்ல யோசனை. போனில் ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். ஆனால் மாணவர் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. வாத்தியார் வகுப்பில் போனை எடுத்தால் ‘சம்பளம் வாங்கிக்கொண்டு போன் நோண்டுகிறார்’ என்பார்கள். எடுக்காவிட்டால் ‘வருகைப்பதிவு எங்கே’ என்பார்கள். அந்தக் கறுப்புக் கட்டம் பக்க ஓரத்தில் கோலம்போல அழகாகத்தான் இருக்கிறது.

6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் கொடுத்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மவுஸ் உடைந்தால், மானிட்டர் திருடு போனால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். ஓய்வூதியம் வாங்க வேண்டிய மனிதர் என்ன செய்வார்? பூட்டுவார். மேலிருந்து ஆன்லைன் தேர்வு அறிவிப்பு வந்தால் பூட்டு திறக்கும், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சரியான விடையைக் க்ளிக் செய்வார்கள், மறுபடி பூட்டு. கணினி அவர்களைச் சோதிக்க வந்தது, அவர்கள் கணினியைச் சோதித்துப் பார்க்க அல்ல. ஆய்வகம் பயன்பாட்டில் உள்ளதா என்று கேட்டால் ‘ஆம்’ என்பதே புத்திசாலித்தனம். ‘இல்லை’ என்றால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

இதற்கிடையே பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பிள்ளை அதை மனப்பாடம் செய்து தாளில் எழுதுகிறது. வரியின் முன்னால் விடவேண்டிய இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து விடுகிறது.

2011-இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தபோது ‘இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்’ என்று பொங்கிய கனவான்களை நினைத்துப் பார்க்கிறேன். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டதும் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆளுக்கொரு டேப் வாங்கியவர்களும் அவர்களேதான். அது முதலீடு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்வித் தொலைக்காட்சி கிடைத்தது. சந்தேகம் கேட்டால் அது பதில் சொல்லாது. சரி, அப்படிப்பட்ட ஆசிரியர் அது ஒன்று மட்டுமல்ல.

கொரோனாவையொட்டிப் பள்ளி லேப்டாப்பும் நின்றது. 2025 பட்ஜெட்டில் மறுபடி அறிவித்தார்கள், 20 லட்சம் பேருக்கு. கல்லூரி மாணவர்களுக்கு! வேண்டிய வயதில் கொடுக்காமல், தாக்குப்பிடித்து மேலே வந்தவர்களுக்குப் பரிசாம். பிளஸ் டூவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டவளுக்கு? ஏன், அங்கேதான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் இருக்கிறதே.