ஆறு பெயர், ஒரு இடுப்புக்கச்சை

கேள்வி: சாமுராய் வீடியோ கேம் என்றாலே முதலில் குடும்பத்தைக் கொன்றுவிடுகிறார்களே, ஏன்?

பதில்: குடும்பம் நன்றாக இருந்தால் கதாநாயகர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாரே, கேம் எப்படி நகரும்? 2025இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் யோடெய்'யைப் பாருங்கள். கதை நடப்பது 1603இல், இன்று ஹொக்கைடோ எனப்படும் எஸோவில். ஆறு பேர் கொண்ட கும்பல் கதாநாயகி அட்சுவின் குடும்பத்தை அழித்து, சிறுமியான அவளை எரியும் கிங்கோ மரத்தோடு வாளால் குத்திவைத்துவிட்டுப் போகிறது. (செத்தாளா என்று நின்று பார்த்துவிட்டுப் போகும் வில்லன் எந்தக் கதையிலும் கிடையாது.) 16 ஆண்டுகள் கழித்து, அந்த 1603இல், அவள் திரும்பும்போது, இடுப்புக்கச்சையில் அந்த ஆறு பெயர்கள்.

பட்டியல் போடுவதில் ஒரு சௌகரியம்: இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று ஆடுபவருக்குத் தெரியும். தலைவன் சைட்டோ கடைசியில்தான் சிக்குவான் என்பதும் சொல்லாமலே தெரியும். நடுவில் அட்சு வெந்நீர் ஊற்றில் குளிக்கிறாள், நரியின் பின்னால் போகிறாள், படம் வரைகிறாள். வில்லன்கள் அதுவரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்; இப்படிப்பட்ட எதிரிகள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது சண்டையே இல்லை. பாழடைந்த பிறந்த வீட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் பழைய காலம் வருகிறது; அம்மா ஷாமிசென் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். நிகழ்காலத்துக்குத் திரும்பினால் மறுபடி கரிக்கட்டைகள். எந்த வசனமும் இவ்வளவு கோபத்தை ஏற்றாது.

ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா? கருப்பு-வெள்ளை 'குரோசாவா முறை' இருக்கிறது. மை கொட்டியதாக நினைத்துக்கொள்ளலாம்.