கொங்கு நாட்டுக் குறுங்கணினி: ஓர் ஆட்டுரலியல் நோக்கு

இயல் 1: ஆய்வுச் சிக்கல்

கரண்ட் குறைவாகத் தின்னும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை, குறைந்த காசில், வீட்டுக்கு வாங்குவது எப்படி என்பதே இவ்வாய்வின் சிக்கல். சிக்கலை முன்மொழிந்தவர் என் மனைவி. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ஏனுங்க, அந்தப் பழைய பொட்டி கெணத்து மோட்டராட்ட உறுமுது. பையனுக்கு வீட்டுப்பாடம் அச்சடிக்க, கரண்ட் பில்லுக் கட்ட, எனக்கு நாலு பாட்டுக் கேக்க, சின்னதா ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்."

வேறு வீடாக இருந்தால் அன்று பொழுதோடவே காந்திபுரம் போய் வாங்கி வந்திருப்பார்கள். நான் முதுகலை படித்தவன். ஏழு மாதமாக ஆய்ந்துகொண்டிருக்கிறேன்.

ஆய்வு எல்லை: கொங்கு மண்டலத்துக்குக் கிழக்கே குளித்தலை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளியங்கிரி, வடக்கே பெரும்பாலை என்று எல்லை சொல்வது மரபு. இவ்வாய்வின் எல்லை அதனினும் சற்றுக் குறுகியது. டிவி ஸ்டாண்டுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடைப்பட்ட நான்கடி.

இயல் 2: சொல்லாய்வு

பொருளை வாங்குமுன் அதற்குப் பெயர் வேண்டும். குறுங்கணினியா, சிறுகணினியா, நுண்கணினியா? அதற்கும் முன்னால், கணினியா, கணிணியா, கணிப்பொறியா? மரபுப்படி இந்த இடத்தில் நாற்பது பக்கம் வர வேண்டும். எழுதியும் விட்டேன். கடைக்காரர் "மினி பிசிங்களா?" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டதால், நாற்பது பக்கமும் பின்னிணைப்புக்குப் போகிறது. பின்னிணைப்பு கிடையாது.

இயல் 3: வகைப்பாடு

கிடைப்பவை ஐந்து வகை.

அ) ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு வந்தது. நான்காண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் என்பதிலேயே அதன் சிக்கனம் விளங்கும். அந்த ஆண்டு நம் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்டே இல்லாததால், சிக்கனத்தைச் சோதித்துப் பார்க்க வாய்க்கவில்லை. பலகை 35 டாலர் என்றார்கள். பலகை மட்டும். பிறகு அடாப்டர், மெமரி கார்டு, உறை, சூடு தணிக்கும் உலோகத் துண்டு எல்லாம் தனி. நான்காம் தலைமுறையிலிருந்து டிவியில் செருக மைக்ரோ எச்.டி.எம்.ஐ. கேபிளும் வேண்டும். 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறை, 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டரைக் கேட்கிறது. மேசையில் கிடக்கும் செல்போன் சார்ஜரைக் கொடுத்தால் முறுக்கிக்கொள்ளும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் (பெரியப்பா, திண்ணைப் பேருரைகள்).

ஆ) என்100. இன்டெல் 2023-இல் கொண்டுவந்த நான்கு கோர் சிப். இதை வைத்து உள்ளங்கை அகலத்தில் பல கம்பெனிகள் பெட்டி செய்கின்றன. என் மனைவி சொன்ன மூன்று வேலைக்கும் தாராளமாகப் போதும். போதும் என்று தெரிந்துவிட்டதால் ஆய்வாளர்களுக்கு இதில் ஆர்வம் போய்விட்டது.

இ) ஆபீஸ் செகண்ட்ஸ். ஐ.டி. கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்.பி. மினி வகையறா. இன்டெல் சிப் எண்ணின் வாலில் 'டி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 35 வாட் வகையாக இருக்கும். அதுவும் பாரம் இழுக்கும்போதுதான்; சும்மா நிற்கையில் அதில் ஒரு சிறு பங்கே செலவாகும். செகண்ட்ஸ் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். திருப்பூர்ச் செகண்ட்ஸ் பனியன் போட்டு வளர்ந்த உடம்பு இது.

ஈ) பரணில் கிடக்கும் அரசு மடிக்கணினி. 2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கொடுத்தது. திரை போயிருந்தாலும் டிவியில் செருகலாம். பேட்டரி நன்றாக இருந்தால் கரண்ட் போனாலும் ஓடும். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். விலை: பரண் ஏறும் சிரமம்.

உ) ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. இதைக் கணினி என்று ஆய்வாளர் ஏற்பதில்லை. மாமியார் ஏற்கிறார்.

இயல் 4: ஏட்டு வாட்டும் சுவர் வாட்டும்

என்100 சிப்புக்கு 6 வாட் என்று போட்டிருக்கிறது. அது சிப்புக்கு மட்டும். ராம், எஸ்.எஸ்.டி., வைஃபை, காற்றாடி, அடாப்டர் சூடாகி வீணாக்குவது என்று எல்லாம் சேர்ந்து பிளக்கில் இழுப்பது வேறு கணக்கு. முன்னதை ஏட்டு வாட் என்றும் பின்னதைச் சுவர் வாட் என்றும் பிரித்தது இவ்வாய்வின் கொடை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டு வாட் பில்லுக்கு உதவாது.

இதை உறுதிசெய்யக் கடைக்காரரிடம் நேர்காணல் நடத்தப்பட்டது.

"ஏனுங்க, இது எத்தனை வாட் இழுக்குமுங்க?"

"ஒரு எல்.இ.டி. பல்பு எரியற கரண்ட்டுதானுங்க."

"எந்த பல்புங்க? ஒம்பதா, பன்னெண்டா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாருங்களா?"

இயல் 5: ஆட்டுரல் கொள்கை

இனி ஆய்வின் உயிர்நாடி. குறுங்கணினி வெளிநாட்டில் தோன்றியது என்பது படித்தவர்களிடையே பரவியிருக்கும் பிழை. அது கோவையில், கிரைண்டரிலிருந்து பிறந்தது. சான்றுகள் ஐந்து.

முதற்சான்று, பெயர். 1932-இல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீர் கோவையில் மில்லாகவும் மோட்டாராகவும் மாறியது. 'பைகாரா'வின் முதலெழுத்தைக் கவனிக்க. ராஸ்பெர்ரி பையின் 'பை' எங்கிருந்து வந்தது என்று இனியும் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஓர் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு பேரரசையே எழுப்புகிற துறையில், முதலெழுத்தையே முழுசாக வைத்திருக்கும் எனக்கு என்ன குறை?

இரண்டாம் சான்று, உருவம். 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் மோட்டார் சுழற்றும் ஆட்டுரலைக் கொண்டுவந்தார். மூலையை அடைத்துக்கொண்டு நின்ற அது, கவிழ்த்து மாவு வழிக்கும் டில்டிங் ஆகி, பிறகு அடுப்படி மேடையில் உட்காரும் டேபிள் டாப் ஆனது. கணினியும் அறையை அடைத்தது, டெஸ்க்டாப் ஆனது, உள்ளங்கைக்கு வந்தது. இரண்டிலும் 'டாப்' ஒன்றே. மேலும், கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குறுங்கணினிக்கு எந்த ஊரும் கேட்டதாகத் தெரியவில்லை. உரிமை இல்லாததால்தானே கேட்கவில்லை? மௌனமும் சான்றே (பெரியப்பா, மேலது, வெற்றிலை மென்றுகொண்டிருந்ததால் சைகையில்).

மூன்றாம் சான்று, பொருள். சிப் சிலிக்கானால் ஆனது. சிலிக்கான் மணலிலிருந்து வருகிறது. மணல் என்பது உடைந்த கல். குழவியும் கல். ஆகவே சிப் என்பது அளவுக்கு மீறிப் பொடியாகிவிட்ட குழவி (அமுச்சி, ஆட்டாங்கல்லின்மேல் உட்கார்ந்து அருளியது, மூல ஓலையைக் கரையான் தின்றது, கரையானிடம் கேட்டு உறுதிசெய்யப்பட்டது).

நான்காம் சான்று, வழக்காறு. கிரைண்டர் வாங்கப் போனால் முதல் கேள்வி "எத்தனை லிட்டருங்க?" கணினிக்கு "எத்தனை ஜிபிங்க?" இரண்டு லிட்டர் உரலில் மூன்று லிட்டருக்கு அரிசி போட்டால் மாவு பொங்கி மேடையெல்லாம் வழியும். 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி, பிரவுசரில் இருபது பக்கம் திறந்துவைத்தாலும் அதே கதிதான். 8 ஜிபி என்பது நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் மாதிரி. ஒறம்பரை வந்தால் இன்னொரு ஈடு ஆட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். என்100 பெட்டிகள் பலவற்றில் ராம் செருக ஒரே ஒரு இடம் இருப்பதையும் நோக்குக: உரல் ஒன்று, குழவி எத்தனை என்பது வேறு கேள்வி. எஸ்.எஸ்.டி.க்குப் பதில் இ.எம்.எம்.சி. போட்ட பெட்டியை மலிவு என்று வாங்குவது, ஊறாத அரிசியை ஆட்டுவது போல. ஆடும், ஆனால் காத்திருக்க வேண்டும் (மேற்படி அமுச்சி, மேற்படி கல், மறுநாள், மறுப்புரை: அவர் மருமகள், அடுப்படியிலிருந்து, முகம் காட்டாமல், மறுப்புக்கு மறுப்பு: குக்கர், மூன்று விசில், நடுநிலை: பூனை).

ஐந்தாம் சான்று, காற்று. மில் ஓரத்து வீடுகளில் கணினியின் காற்றாடிக்குள் பஞ்சு அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் சூடேறிப் பெட்டி முனகும். அதனால் காற்றாடியே இல்லாத வகையைத் தேடுவோர் உண்டு. அதற்குத் தேவை நல்ல காற்றோட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று எதற்கு இருக்கிறது? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முன்னோர் சொல்லிவைத்தார்கள். கல்லைக் காற்றால் குளிரவைத்ததற்கு உலகில் இதைவிடப் பழைய சான்று உண்டா?

இக்கொள்கை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் ஏற்கப்பட்டது. கட்டணம் கட்டினேன். நான் பேசுமுன்பே சான்றிதழ் அச்சாகியிருந்தது. கட்டுரையை யாரும் கேட்கவில்லை, இரு பொருளிலும். பன்னாடு என்பதற்குச் சான்றாக முன்வரிசையில் ஒருவர் சிங்கப்பூரில் வாங்கிய சட்டை போட்டிருந்தார். தரமதிப்பீடு செய்தவர் என் மச்சான். அவர் கட்டுரைக்கு நான்.

இயல் 6: களப்பணி

மச்சான் தன் என்100 பெட்டியையும் தன் மகனின் ராஸ்பெர்ரி பையையும் இரவல் கொடுத்தார். என் வீட்டு மின்மீட்டரில் யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று அச்சடித்திருக்கிறது. வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, அந்தச் சிவப்புப் புள்ளி எத்தனை விநாடிக்கு ஒருமுறை மினுக்குகிறது என்று பார்த்தால் சுவர் வாட் தெரிந்துவிடும். இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. பொறுமை மட்டும் போதும்.

இரவு பதினொன்றரை. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு கையில் டார்ச், மறுகையில் செல்போன் கடிகாரம். முதலில் பழைய பொட்டி: 19 விநாடிக்கு ஒரு மினுக்கு. அதாவது சுமார் 60 வாட். அடுத்து என்100, பாட்டு ஓடிக்கொண்டிருக்க: 113 விநாடி. அதாவது 10 வாட். இரண்டு மினுக்குக்கு நடுவே கொசு நான்கு இடத்தில் கடித்தது. மூன்றாவதாகப் பை. நின்றேன். மினுக்கவில்லை. இன்னும் நின்றேன். பை மினுக்குவதற்குள் மனைவி வந்துவிட்டார்.

"ஏனுங்க, நடுச்சாமத்துல மீட்டரை மொறச்சுப் பாத்துட்டு நிக்கறீங்க? ஃபிரிட்ஜுல மாவு பொங்கிக் கெடக்குது."

மாவு பொங்கியது ஆட்டுரல் கொள்கைக்கு ஆறாம் சான்று என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

தரவுகள் வருமாறு. 60 வாட் பொட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் சொச்சம். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். 10 வாட் பெட்டி 14.4 யூனிட். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்தான். ஆனால் அதே பழைய பொட்டியை நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு அணைத்தால், அதுவும் 14.4 யூனிட். ஆக, மின்சிக்கனத்துக்கு உலகிலேயே மலிவான கருவி சுவிட்ச். இதை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். கண்டுபிடிப்பு மிக எளிதாக இருந்தால் பட்டம் கிடைக்காது.

மிச்சமிருப்பது சுவரில் 6 வாட் இழுக்கும் பெட்டியா, 10 வாட் இழுக்கும் பெட்டியா என்ற கேள்வி. ஏழு மாத ஆய்வில் ஐந்து மாதத்தை இதற்குத்தான் கொடுத்தேன். நான்கு வாட் வித்தியாசம், இரவு பகல் ஓடினாலும், இரண்டு மாதத்துக்கு 5.76 யூனிட்.

இயல் 7: முடிவுரை

முடிவுரையை எழுத இன்று காலை உட்கார்ந்தேன். 5.76 என்ற எண்ணைத் தசமத்துக்கு அப்பால் இன்னும் இரண்டு இடத்துக்குத் திருத்திக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து அருவிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே மனைவியின் குரல்:

"ஏனுங்க! மோட்டரைப் போட்டது நீங்கதான? தொட்டி ரொம்பி அரை மணி நேரமா வழியுது, பக்கத்து ஊட்டுக்காரரு வந்து சொல்றாரு!"

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து, ஆய்வாளன் என்ற முறையில் கணக்குப் போட்டேன். ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரம் வீணாக ஓடினால் குறைந்தது 0.37 யூனிட். 10 வாட் பெட்டி முப்பத்தேழு மணி நேரம் பாட்டுப் பாடும் கரண்ட். 6-க்கும் 10-க்கும் இடைப்பட்ட அந்த நான்கு வாட்டை மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட, நாலு நாள் ஆகும். தண்ணீர்க் கணக்கைப் போடவில்லை.

மனைவி ஈரப் படிக்கட்டில் துடைப்பத்தோடு நின்றார். "கம்ப்யூட்டரு எப்பத்தானுங்க வரும்?"

ஆகவே, குறைந்த மின்சாரத்தில் ஓடும் குறுங்கணினியை வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பது குறித்த இவ்வாய்வின் இறுதிப் பரிந்துரை: தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சுவிட்ச் ஒன்று வாங்க வேண்டும்.

எந்த சுவிட்ச் என்பது மேலாய்வுக்குரியது.