டோக்கியோ அத்தான்

கல்ஃபிலிருந்து லீவுக்கு வருகிறவரைச் சென்ட் வாசனையிலேயே பிடித்துவிடலாம். டோக்கியோவிலிருந்து வரும் அத்தானைப் பிடிக்கக் குப்பைவாளிப் பக்கம் போக வேண்டும். போவண்டோ குடித்து முடித்த பாட்டிலைக் கழுவி, மூடியைத் தனியே வைத்து, ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்பார். "சவத்தத் தூரப் போடுல மக்கா" என்று அத்தை அலறுவாள். "பிளாஸ்டிக் எடுக்கது என்னைக்கும்மா?" என்பார் அவர்.

நாகர்கோவிலில் இப்போது தெருவுக்கு ஒருவராவது இந்த ஜாதி உண்டு. இவர்கள் கூடு கட்டுவது பெரும்பாலும் எடோகாவா வார்டிலுள்ள நிஷிகசாயில். 2000 பிறந்தால் கம்ப்யூட்டருக்குத் தேதி குழம்பும் என்று உலகமே பயந்த நாட்களில் போன நம் ஆட்கள், தோசாய் ரயிலில் ஏறினால் வங்கிகள் இருக்கும் ஓத்தேமாச்சியில் நேரே இறங்கலாம் என்று பிடித்த இடம் அது.

டோக்கியோவை அத்தான் அளப்பது நாஞ்சில் நாட்டு முழக்கோலால்தான். யமனோத்தே ரயில் பாதை 34.5 கிலோமீட்டர் வட்டம்; சுற்றிவர ஒரு மணிநேரம். "மார்த்தாண்டம் பஸ்ஸுக்கும் அந்நேரம் ஆவும். ஆனா ஒறங்கிப்போனா ஏறுன எடத்துலயே வந்து முழிக்க முடியுமா?" முதல் மாதம் அப்படி இரண்டு சுற்று உறங்கியவர் சொல்கிறார், நம்பலாம். ஷின்ஜுக்கு ஸ்டேஷனுக்கு 200 வாசலுக்கு மேல். சுசீந்திரம் தேரோட்டத்தில் தொலைந்தே பழக்கமில்லாத மனுஷன், அங்கே வெளியே வர முக்கால் மணிநேரம் ஆனதாம். விலாசம் கண்டுபிடிப்பதில் மட்டும் புலி. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பேரே கிடையாது, வட்டாரத்துக்கும் மனைக்கட்டுக்கும் எண்தான். ஜப்பான்காரனே மேப்பும் கையுமாகத் திரிகிற ஊரில் இவருக்குத் திணறலே இல்லை. வேப்பமூடு என்றும் புளியமூடு என்றும் மரத்தை வைத்து வழி சொல்லி வளர்ந்தவருக்குத் தெருப்பேர் எதற்கு?

மீனில்தான் சறுக்கல். இவாஷி என்று விற்பது நம்ம சாளைதான் என்று கண்டுபிடித்த அன்று அத்தைக்கு வீடியோ கால் வந்தது. பச்சையாகவும் தின்பார்கள் என்று சொல்லித் தொலைத்தார். குளச்சல் சாளையை ஏழு தண்ணீர் கழுவுகிற கை அவளுடையது. ஒரு வாரம் மகனிடம் பேசவில்லை.

அத்தான் பெருமையாகக் கூட்டிப்போகும் இடம் கின்சாவிலுள்ள நாயர் ஓட்டல். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட திருவனந்தபுரத்துக்காரர் ஏ. எம். நாயர் 1949-இல் தொடங்கியது. "அன்னைக்கு நம்மளும் திருவிதாங்கூர்தானவே? அப்ப அது நம்ம கடைதான்" என்பார். அத்தானின் தாத்தா, போராட்டத் தலைவர் நேசமணி பின்னால் கொடிபிடித்து, திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர அடிபட்டவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி பிரிந்த தாலுகாக்களை, ஒரு தட்டுச் சோற்றுக்காகப் பேரன் கின்சா வாசலில் தினமும் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜப்பானிய மொழி? பதினோரு வருஷத்தில் 'சுமிமாசென்' நன்றாக வரும். மன்னிக்கணும், கொஞ்சம் கேளுங்க, நன்றி எல்லாவற்றுக்கும் அதையே போட்டு ஓட்டுகிறார். மிச்சத்துக்கு முதுகு இருக்கிறது. போனில் பேசும்போதுகூடக் குனிகிறார்.

போன வாரம் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு அவரோடு போயிருந்தேன். பஸ் நிற்கப்போகும் இடத்தை அவரே கணக்குப்போட்டு, கால்களைச் சேர்த்து, கியூவில் நின்றார். கியூவில் அவர் ஒருவர்தான். பஸ் அவரைத் தாண்டி முப்பதடி தள்ளி நின்றது. ஜன்னல் வழியே துண்டுகளும் பைகளும் ஒரு கைக்குழந்தையும் உள்ளே போய் இடம் பிடித்தன. அத்தான் கடைசியாக நடந்துபோய்ப் படியருகே நின்றார்.

"அண்ணாச்சி, ஏறுதியளா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

அத்தான் இடுப்புவரை குனிந்தார். சில்லறை ஏதோ விழுந்துவிட்டது என்று கண்டக்டரும் குனிந்து படிக்கட்டுக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.