பாலிசியை முழுசாகப் படிக்கும் ஒரே மனிதர்

அறுபத்தைந்து தாண்டிய பெரியோர்களே, உங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. 2024 ஏப்ரலில் ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வயது வரம்பைத் தூக்கிவிட்டது. எந்த வயதிலும் புதிதாக மெடிகிளைம் எடுக்கலாம். எடுத்த பிறகு பிரீமியம் ஏறாதா என்று கேட்டால், அதற்கும் ஆணையம் 2025 ஜனவரியில் வழி செய்தது: மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் எங்களோடு கலந்தாலோசித்து ஏற்றுங்கள் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. ஏற்றாதே என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு ஏற்று என்றது.

சரி, இருக்கிற நூறு பாலிசியில் எதை எடுப்பது? யாரைக் கேட்பது? கவலையே வேண்டாம், வழிகாட்ட வரிசையில் நிற்கிறார்கள்.

முதலில் ஏஜென்ட் தம்பி. வீட்டுக்கே வருவார், காபி குடிப்பார், வாய் நிறைய அம்மா என்பார்.

“சுகர் இருக்காம்மா?”

“பத்து வருஷமா மாத்திரை போடறேன் தம்பி.”

“அதையெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறிடும்மா. இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதுதான் உங்க கையெழுத்து, அதை மட்டும் சொல்லுங்க.”

அம்மா சொன்னார். ஆறு எண்களில் பத்து வருஷத்துச் சர்க்கரை நோய் குணமாகிவிட்டது. எந்த டாக்டராலும் முடியாத வைத்தியம்!

இரண்டு வருஷம் கழித்து அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் பயிற்சி டாக்டர் ‘பத்தாண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை’ என்று நேர்மையாக எழுதுகிறார். அடுத்து கம்பெனியின் கடிதம் வருகிறது: முக்கியத் தகவலை மறைத்துவிட்டீர்கள், கிளைம் கிடையாது. பாலிசியும் ரத்து. தம்பி எங்கே? விற்கிற அன்று அவர் கம்பெனியின் பிரதிநிதி. கிளைமை மறுக்கிற அன்று அவர் யாரோ, கம்பெனி யாரோ. காகிதத்தின்படி பொய் சொன்னவர், எழுபது வயது அம்மா.

இதற்கும் விதியில் மருந்து உண்டு. 60 மாதம் விடாமல் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தாய் என்று சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது. ஆகவே பெரியோர்களே, மாரடைப்பை ஐந்து வருஷம் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தவர், நீங்கள் கோயிலுக்கு அடுத்தபடியாக நம்பும் வங்கி. டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனால் கூடவே ஒரு பாலிசியையும் நீட்டுவார்கள். வங்கி எந்தக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ, அவைதான் உங்கள் உடம்புக்கு ஏற்றவை. பிறகு ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்கள்: விலையைப் பார்க்கப் போன் நம்பர் கொடுத்தால், அதன்பின் மத்தியானத் தூக்கம் உங்களுடையதல்ல. காப்பீட்டுத் தரகரோ சட்டப்படி உங்கள் பக்கத்து ஆள். கமிஷன் மட்டும் கம்பெனி கொடுக்கும். மாப்பிள்ளை வீட்டில் கூலி வாங்கும் கல்யாணத் தரகர், மாப்பிள்ளையின் குடியைப் பற்றிப் பெண் வீட்டில் எவ்வளவு பேசுவாரோ, இவரும் அவ்வளவு பேசுவார்.

இவர்களில் ஒருவராவது ரூம் வாடகைக் கணக்கைச் சொல்லியிருப்பாரா? 5 லட்ச ரூபாய் பாலிசி. ரூம் வாடகைக்கு வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. நீங்கள் 10,000 ரூபாய் அறையில் படுத்தால் அறை வாடகை மட்டுமா பாதியாகும்? டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாம் பாதியாகும். அந்த வகையில் பில் 3 லட்சம் என்றால் 1.5 லட்சம். அதில் கோ-பே என்று உங்கள் தலையில் விழும் 20 சதவீதம் போக, கைக்கு வருவது 1.2 லட்சம். பாலிசியில் போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்பார்கள். ஐம்பது பக்கம், பொடி எழுத்து, வக்கீல் ஆங்கிலம். அதன் சுருக்கத்தை, கேட்டால் வட்டார மொழியில் தரவேண்டும் என்பது விதி. கேட்கலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா?

இந்த நாட்டில் அந்த ஐம்பது பக்கத்தையும் ஒரு கால்புள்ளி விடாமல் படிக்கிறவர் ஒருவர் உண்டு. உங்கள் கிளைமை நிராகரிப்பதற்காகச் சம்பளம் வாங்கும் கம்பெனி அதிகாரி.

பணம் போன பிறகு புலம்ப இடம் இருக்கிறது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் சென்னையிலேயே இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்கும் முன் கேட்க ஓர் ஆளை வைக்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை. காப்பீட்டுக் கம்பெனிகளின் சொர்க்கமான அமெரிக்காவே 1990இல் சட்டம் போட்டு, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியோருக்கு இலவச ஆலோசகர்களை மாநிலந்தோறும் வைத்திருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. தகுதியே அதுதான்.

நாம் என்ன, நிலாவையா கேட்கிறோம்? ஒவ்வொரு தாலுகாவிலும், இ-சேவை மையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ ஒரு நாற்காலி. அதில் கமிஷன் வாங்காத ஒருவர். ‘சுகரை எழுதுங்கம்மா, ஏறினா ஏறட்டும், படிச்சுக் காட்டாம ஓடிபி கொடுக்காதீங்க’ என்று சொல்ல ஒரு வாய். அதற்கு வழியில்லை. 2047க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்ற முழக்கத்துக்கு மட்டும் குறைவில்லை. இன்றைக்கு எழுபது வயதானவருக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். பழைய நோய்க்கே 36 மாதத்துக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்று விதி எழுதியவர்களே, உங்கள் அலட்சியத்துக்கு எத்தனை மாதம் வெயிட்டிங் பீரியட்?